வெளுத்த திரைச்சீலையும் ஒரு வாய் ஸ்பிரிட்ஸும்

இரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியின் பார்டெண்டரைச் சக ஊழியர்கள் ‘அளவுகாரர்’ என்று அழைத்தனர். அவர் அளவுக் கோப்பையைத் தொட்டதே இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே ஸ்பிரிட்ஸ் என்னும் இத்தாலியப் பானத்தைக் கலந்துவந்தார். நுரைக்கும் ஒயினும் சோடாவும் ஊற்றிய கண்ணாடிக் கோப்பையை ஜன்னலின் ஆரஞ்சுத் திரைச்சீலைக்கு நேரே பிடித்து, ஆரஞ்சு நிறக் கசப்பு மதுவைச் சேர்ப்பார்; இரண்டும் ஒரே நிறமானதும் நிறுத்துவார். குடித்துப் பார்த்ததில்லை. காரணம் கேட்டவர்களிடம் வயிற்றுப்புண் என்பார், கேட்காதவர்களிடம் சொல்வதில்லை.

ஜூன் மாதத்தில் விடுதி அதே கடையில், அதே நிறத்தில் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டியது. அன்று மாலை, வாடிக்கையாளரான பல் மருத்துவர் ஒரு வாய் அருந்திவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“என்னப்பா இது, இப்படிக் கசக்குது? என் பேஷன்ட் கொப்புளிக்கிற தண்ணிய எனக்கே ஊத்தியிருக்க?”

“அதே பாட்டில்தான் டாக்டர். அதே கைதான்.”

மாடியில் திறக்கவிருந்த புதிய மதுக்கூடத்துக்கு மேலாளர் சனிக்கிழமை தலைவரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தார். அப்பதவிக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்த அளவுகாரர் அன்றிரவு வீட்டில் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். தையற்காரரான மனைவி விவரம் கேட்டார். இரண்டு நிமிடத்தில் விடை சொன்னார்.

“பழைய சீலை வெயில்ல வெளுத்துக்கிட்டே வந்திருக்குங்க. அதுக்குத் தக்கபடி நீங்களும் கசப்பைக் குறைச்சுக்கிட்டே வந்திருக்கீங்க.”

“இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே?”

“கொஞ்சம் கொஞ்சமா வெளுத்தா யாருக்குத் தெரியும்? உங்க தலைமுடியைப் பத்தி நான் ஏதாவது சொன்னேனா?”

சனிக்கிழமை அளவுகாரர் அளவுக் கோப்பையால் அளந்து, செய்முறைப் புத்தகத்தில் உள்ளபடியே கலந்தார். மேலாளர் அருந்தினார்.

“பிரமாதம்! இதுதான் சரியான ஸ்பிரிட்ஸ். பதவி உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு: மாடியில தினமும் முதல் கோப்பையை நீங்கதான் ருசி பார்க்கணும். இப்பவே ஆரம்பிங்க.”

பதவிக்காக வயிற்றுப்புண்ணை மறந்து, அளவுகாரர் வாழ்வில் முதன்முறையாக ஒரு வாய் அருந்தினார். பொறுப்புள்ள ஊழியர் ஆதலால் உண்மையை மறைக்க விரும்பவில்லை.

“சார், தப்பா நினைக்காதீங்க. இது கெட்டுப்போச்சு.”

மாடிப் பொறுப்பு, மேசைகளைக் கவனித்துவந்த பெண்ணுக்குப் போயிற்று.

“என்னதான் சொன்னீங்க?” என்று மனைவி கேட்டார்.

“கசக்குதுன்னு சொன்னேன்.”

மனைவி ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை.

“இருபத்திரண்டு வருஷமா அதைத்தானே வித்தீங்க?”