கண்டரமாணிக்கம் பஸ்ஸை நிறுத்திய கை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்குடியில் போக்குவரத்துப் போலீஸ்காரன். நாற்சந்தியில் குடை நட்ட வட்ட மேடைதான் என் இடம். கார்கள் குறைவு, மாட்டு வண்டிகள் அதிகம். கை காட்டினால் மாட்டுக்குப் புரியாது. பல நேரம் வண்டிக்காரருக்கும் புரியாது. நான் கொஞ்சம் முசுடு. சொன்னதைக் கேட்காத சைக்கிளின் காற்றைப் பிடுங்கிவிடுவேன்.

சட்டத்தில் இல்லாத ஒரு விதியும் எங்களுக்கு உண்டு. கல்யாண ஊர்வலத்தை நடுவில் வெட்டக்கூடாது. கடைசி ஆள் தாண்டுவதற்குள் குறுக்கே ஒரு வண்டி போனால் அபசகுனம் என்று பெரிய வீடுகளில் மனம் வருந்துவார்கள். வருத்தம் இன்ஸ்பெக்டர் வரைக்கும் போகும்.

அன்று சாயங்காலம் ஒரு பெரிய வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. பேண்டுக்காரர்கள் என் மேடைக்கு எதிரிலேயே நின்று வாசித்தார்கள். மேற்கிலிருந்து வந்த வண்டிகளைக் கையைத் தூக்கி நிறுத்தியிருந்தேன். முதலில் நின்றது கண்டரமாணிக்கத்திலிருந்து வரும் பஸ். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். முறைத்தேன், அடங்கிவிட்டார். அரை மணி நேரம் இருக்கும்.

அந்த பஸ்ஸில் என் அக்கா இருந்தாள். மடியில் அவளுடைய இரண்டு வயது மகள். காலையிலிருந்து வாந்தி பேதி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது. டூட்டி முடிந்த பிறகுதான் ஆள் வந்து சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை போய்விட்டது.

அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை.

"டிரைவரு எறங்கி வந்து ஒங்கிட்டச் சொல்றேன்னாரு. நாந்தான் வேணாம்னேன். டூட்டியில நிக்கிறவன்கிட்ட அக்காகாரி சலுகை கேட்டான்னு நாளைக்கு நாலு பேரு பேசுவாக" என்றாள். பிறகு, "பாப்பாவுக்கு ஒன்னையத்தான் காட்டிக்கிட்டு இருந்தேன். மாமா கை காட்டுறாக பாருன்னேன். அதுவும் கையத் தூக்குச்சு."

எனக்கு அழுகை வரவில்லை. அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்கவும் இல்லை. அடுத்த மாதம் பிள்ளையார்பட்டியில் தாய்மாமனான என் மடியில் உட்கார வைத்துப் பிள்ளைக்குக் காது குத்துவதாக இருந்தது. தோடு வாங்கி வைத்திருந்தேன். அதை என்ன செய்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

நான்காம் நாள் டூட்டிக்குப் போனேன். வெயில் அடித்தது தெரிந்தது, சுட்டதா என்று தெரியவில்லை. கண்டரமாணிக்கம் பஸ் வந்தது. சாலை காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் கையைத் தூக்கி நிறுத்தினேன். ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். மாற்றலாகிப் போகிற வரை தினமும் அப்படித்தான் செய்தேன்.

அந்த டிரைவர் ஒரு நாளும் ஹாரன் அடிக்கவில்லை.