ஏழிலைப்பாலைப் பட்டைக்காக ராயப்பன்பட்டிக்கு

சென்ற தை மாதம் ராயப்பன்பட்டிக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. சென்னையில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மலேரியாவுக்குப் புது மருந்து தேடுகிறோம். அந்த ஊர் விவசாயி சவரிமுத்து ஏழிலைப்பாலைப் பட்டை அனுப்பியிருந்தார். முதல் மூட்டையின் சாறு, மலேரியா ஏற்றிய சிட்டுக்குருவிகளைப் பிழைக்க வைத்தது. இரண்டாம் மூட்டையின் சாறு கொடுத்தவை எல்லாம் செத்தன. காரணம் தெரியாவிட்டால் பங்குனியோடு என் உபகாரச் சம்பளம் நின்றுவிடும்.

மதுரையிலிருந்து தேனிக்கு ரயில், ஏறக்குறைய நான்கு மணி நேரம். தேனியிலிருந்து உத்தமபாளையம் பஸ்ஸில் இருபது மைல், எட்டணா. ஆள் நிறையாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அவசரம்னா முன்னால நடங்க சார். வர்ற வழியில ஏத்திக்கிர்றேன்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசி நான்கு மைல் நிஜமாகவே நடைதான். இருபுறமும் நெல், எதிரே மலை. பேச ஆள் இல்லை.

சவரிமுத்து மரத்தைக் காட்டினார். இரண்டு மூட்டையும் அதே மரத்தில் வெட்டியவை. அப்படியானால் கட்டியது யார் என்று கேட்டேன். அவர் மனைவி ஞானம்மாவாம். வீட்டுக்குப் போய் அவரிடமே கேட்டேன்.

"மொத மூட்டைல கரையான் ஏறிருச்சு தம்பி. காய்ச்சலுக்குன்னு போஸ்டாபீஸ்ல வாங்குன கொயினாத் தூளு சும்மா கெடந்துச்சு. அம்புட்டுக் கசப்புக்கு எது வரும்னு பட்டை மேல தூவிட்டேன்."

"ரெண்டாவதுல?"

"அதுக்குள்ள தூளு தீந்துபோச்சே."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். "அப்ப நான் காய்ச்சல்ல கெடந்தேன், இவ மரத்துக்கு வைத்தியம் பாத்துருக்கா."

"ஒங்களுக்குத்தான் மொதல்ல குடுத்தேன். துப்புனது நீங்க."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருவிகளைப் பிழைக்க வைத்தது உலகமே அறிந்த பழைய கொயினா. முதல் சாற்றில் வெயில் பட்டபோது தெரிந்த நீல மினுக்கமும் அதனுடையதுதான். பட்டையினுடையது என்று நம்பி ஒரு வருஷம் உழைத்திருக்கிறோம்.

"அப்ப எங்க மரம் மருந்துக்கு ஆகாதா தம்பி?"

"ஆகாது" என்றேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவர்கள் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் சோறு போட்டார்கள்.

உத்தமபாளையம் திரும்பியபோது தேனி பஸ் போய்விட்டிருந்தது. சத்திரத்தில் பக்கத்துப் பாய்க்காரர் எனக்கு என்ன தொழில் என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். கதையில் குருவி வருவதற்குள் தூங்கிவிட்டார்.

பட்டை சேகரிக்கப் போகிறவர்களுக்கு: உங்கள் கண்ணெதிரே வெட்டி, உங்கள் சாக்கிலேயே கட்டுங்கள். கொயினா சாப்பிடாமல் இந்தப் பள்ளத்தாக்கில் தங்காதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். போகும்போது தேவைப்படாது.