பேர் போட வேண்டாத பலகை

நான் ஒரு ஆளைக் காட்டிக் கொடுத்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் நல்லவன்போலத் தெரிகிற இடம் ஒன்றிரண்டு வரும். ஏமாந்துவிடாதீர்கள்.

2011 என்று ஞாபகம். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. அமெரிக்காவில் இருக்கிற ஒரு பெரிய நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற அறுபது பேர். நான் எழுதுகிறவன் இல்லை. நெட்வொர்க், ஜெனரேட்டர் டீசல், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் ஃபைல் எல்லாம் என் தலையில். ஆரல்வாய்மொழிப் பக்கம் மின்சாரக் காற்றாடிகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், எங்களுக்குத் தினமும் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

அந்த வருஷம் அமெரிக்காக்காரன் ஒரு உத்தரவு போட்டான். அவனுக்கு வேலை செய்கிற ஒவ்வொரு கம்பெனியிலும் ஊழியர்கள் பேர் போடாமல் எழுத ஒரு பக்கம் இருக்க வேண்டும். பெண்களுக்குச் சமமான இடம் இருக்கிறதா, எல்லாத் தரப்பு ஆட்களும் வேலைக்கு வருகிறார்களா என்று அதில் தாராளமாகப் பேச வேண்டும். மாதம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கணக்கும் அனுப்ப வேண்டும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மக்கா, ரெண்டு நாளுல ஒண்ணு செஞ்சிரு. பேரு போடண்டாம். எவன் என்ன வேணும்னாலும் எழுதட்டும்."

ஒரே நாளில் செய்து முடித்தேன். பலகை என்று பேர் வைத்தோம். முதல் மாதம் ஒருத்தரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? எதிரே நிற்கிறவன் எந்த ஊர், எந்தச் சபை, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் வாயைத் திறப்பார்களா? நான் மேசை மேசையாகப் போய்க் கெஞ்சினேன்.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள். கடற்கரைப் பெண். எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது இவளால்தான்.

"அண்ணே, உள்ளதச் சொல்லுங்க. எழுதினது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுல்லா?"

"நான் உண்டாக்கினதுல்லா. எனக்கே தெரியாதும்மா."

பச்சைப் பொய். எந்தக் கம்ப்யூட்டரில் இருந்து எழுதினார்கள் என்பது ஒவ்வொரு வரியோடும் பதிவாகிக்கொண்டிருந்தது. அழித்திருக்கலாம். சோம்பேறித்தனம், அழிக்கவில்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

அவளுக்கு அடுத்த நாற்காலியில் பூதப்பாண்டிப் பெண் ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், எங்கே போனாலும் சேர்ந்துதான் போவார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூத்து நடக்கும். மீன் இல்லாமல் எங்களில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. சாளை, நெத்திலி, சூரை என்று எல்லாப் பாத்திரத்திலும் இருக்கும். ஆனால் கடற்கரையில் இருந்து வந்த நாலைந்து பேர் பாத்திரத்தைத் திறந்தால் மட்டும் யாராவது எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார்கள். பூதப்பாண்டிப் பெண்தான், "கொண்டா ஏட்டி" என்று இவள் பாத்திரத்தில் பாதியை எடுத்துத் தின்பாள். நான் ஜன்னலைத் திறந்ததில்லை. திறந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

மெல்ல மெல்லப் பலகை சூடு பிடித்தது. முதலில் டீ சரியில்லை என்றார்கள். பிறகு ஒருவன், பொம்பளப் பிள்ளைகளுக்கு வேலை கற்றுக் கொடுத்து என்ன பிரயோசனம், கல்யாணம் ஆனால் போய்விடுவார்கள் என்று எழுதினான். ஒருத்தி, துபாய்க்கு விசா வந்தால் நீ மட்டும் நிற்பாயா என்று திருப்பிக் கொடுத்தாள். முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தியா டே, இதுதான் ஜனநாயகம்!" என்று வாசித்துக் காட்டிச் சிரித்தார். அமெரிக்காவில் இருந்து பாராட்டு வந்தது. எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு ஒரு படிவம் வந்தது. நியாயமாக ஆள் எடுக்கிறீர்களா, எப்படி என்று கேள்வி. எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. வேலை கேட்டு வருகிறவர் சர்டிஃபிகேட்டோடு போதகரிடமோ கோயில் கமிட்டிக்காரரிடமோ பங்குத்தந்தையிடமோ ஒரு கடிதம் வாங்கி வருவார். இன்னார் நல்ல பிள்ளை, உதவி செய்யவும் என்று இருக்கும். நானே அப்படி ஒரு கடிதத்தோடு குழித்துறையில் இருந்து வந்தவன். முதலாளி அதைப் பெரிய சிறப்பாக நினைத்து, எங்கள் ஊழியர்கள் எல்லாரும் மதகுருமாரின் நற்சான்றோடு வருகிறவர்கள், எல்லாருக்கும் எங்கள் வாசல் திறந்திருக்கிறது என்று மார்தட்டி எழுதச் சொன்னார். எழுதினேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று பலகையிலும் போடச் சொன்னார். போட்டேன். கடிதம் பார்த்து ஆள் எடுப்பதே தப்பு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அதன் கீழே நாலு வரி வந்தது. "வாசல் திறந்திருக்குன்னு எழுதியிருக்கீங்க. எங்க பங்குச் சாமியார் கடிதத்தோட கடற்கரையில இருந்து வந்த பிள்ளைகள எனக்குத் தெரியும். ஒருத்தரையும் பரீட்சைக்குக்கூடக் கூப்பிடல. அந்தக் கடிதமெல்லாம் எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை. என் அலமாரியில்தான் இருந்தது. இரண்டு ஃபைல். நானும் முதலாளியும் போகிற கிறிஸ்தவ சபையின் கடிதங்களும் முதலாளிக்குத் தெரிந்தவர்கள் கொடுத்ததும் ஒன்றில், மற்றதெல்லாம் இன்னொன்றில். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி வைத்திருந்தார், நானும் அப்படியே வைத்தேன். ஆள் வேண்டும் என்றால் முதல் ஃபைலை எடுத்துக்கொண்டு போவேன். இரண்டாவதை அவர் கேட்டதே இல்லை, நான் கொடுத்ததும் இல்லை. அந்தப் பெண்ணும் மற்ற கடற்கரை ஆட்கள் நாலைந்து பேரும் உள்ளே வந்தது கடிதத்தால் அல்ல, அமெரிக்காக்காரன் கல்லூரிகளில் நேரே நடத்திய பரீட்சையில் ஜெயித்து.

பலகையில் ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். திறமை இருந்தால் வரட்டுமே, சலுகை எல்லாம் சர்க்காரோடு நிற்கட்டும் என்றார்கள். மைக்ரோவேவ் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனால் எழுதினது யாரென்று தெரிந்துவிடும் என்று ஒருவன் எழுதினான். நாசமாய்ப் போகிறவன். அதை நான் அழித்திருக்க வேண்டும். அவனுக்கும் பேச உரிமை உண்டு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அமெரிக்காக்காரன் விளக்கம் கேட்டான். முதலாளி கதவைச் சாத்திவிட்டு என்னை உட்கார வைத்தார்.

"மக்கா, யாருன்னு மட்டும் சொல்லு. நான் ஒண்ணும் செய்யமாட்டேன். கூப்பிட்டுப் பேசணும், அவ்வளவுதான்."

"சார், பேரு தெரியாதுன்னு நாமதான சொன்னோம்."

"நமக்குள்ள என்ன டே ஒளிவு? உனக்க கடிதமும் அந்த மொத ஃபைலுலதான கெடக்கு?"

மிரட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறவர். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துச் சொன்னவர். பதிவெல்லாம் அழிந்துவிட்டது சார் என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? அவளிடம் அத்தனை லேசாக வந்த பொய் இவரிடம் வரவில்லை. என் மேசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் சொன்னபடி கூப்பிட்டுப் பேசினார். டீ வாங்கிக் கொடுத்து, மகளே என்றுதான் பேசினாராம். அடுத்த வாரம் அவளை அமெரிக்க வேலையில் இருந்து எடுத்து, பழைய ரசீதுகளை டைப் அடிக்கிற மூலையில் போட்டார்கள். வருஷ மதிப்பீட்டில், மற்றவர்களோடு ஒத்துப்போவதில்லை என்று வந்தது. மீட்டிங்கில் முதலாளி, "எழுத அவங்களுக்கு உரிமை இருக்கு, ஆள மாத்த எனக்கு உரிமை இருக்கு. ரெண்டும் சுதந்திரம்தான?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இனிமேல் கடிதம் வாங்குவதில்லை என்று அமெரிக்காவுக்குப் பதில் போயிற்று. உண்மைதான். அதன்பிறகு போதகரும் தெரிந்தவர்களும் போனில் சொல்லிவிடுவார்கள்.

பலகையில் ஈ காக்கா இல்லை. ஆனால் மாதக் கணக்கு போக வேண்டுமே. முதலாளி என்னையே எழுதச் சொன்னார். ஆணாகவும் பெண்ணாகவும், ஆதரவாகவும் எதிர்ப்பாகவும், எனக்கு நானே கோபப்பட்டு, எனக்கு நானே சமாதானம் சொல்லி எழுதினேன். ஒருதடவை கடற்கரைப் பெண்ணாகவும் எழுதினேன், இங்கே எல்லாரும் என்னை அன்பாக நடத்துகிறார்கள் என்று. அதைத்தான் அமெரிக்காக்காரன் தனியாகப் பாராட்டினான். வெளிப்படையான அலுவலகம் என்று கண்ணாடிக் கேடயம் ஒன்றும் அனுப்பினான். பேச்சு, நியாயம், சமம் என்கிற சொற்களை அதற்குப் பிறகு யார் வாயில் கேட்டாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சில மாதம் கழித்து அவள் அனுபவச் சான்றிதழ் வாங்க வந்தாள். மெலிந்திருந்தாள். வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை. பூதப்பாண்டிப் பெண் நாலு மேசை தள்ளி இருந்தாள். இவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அவகிட்ட பேசலியா?" என்று கேட்டேன்.

"அவகிட்ட எனக்கு என்ன பேச்சு அண்ணே? நான் எழுதும்போ பக்கத்துல இருந்து வாசிச்சது அவ ஒருத்திதான். வேற யாரு போய்ச் சொல்லியிருப்பா? அவளுக்க கல்யாணத்துக்கு வீடு வரைக்கும் வந்து கூப்பிட்டா. எனக்க அம்மா பத்திரிகைய வாங்காம திருப்பி அனுப்பிட்டா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்டயும் கேட்டிருப்பாங்கன்னு தெரியும் அண்ணே. நீங்க சொல்லியிருக்கமாட்டீங்க."

பூதப்பாண்டிப் பெண் அதற்கு முன்பே ஒருநாள் என்னிடம் வந்து அழுதிருந்தாள். "அண்ணே, நான் சொல்லலன்னு அவகிட்ட நீங்களாவது சொல்லுங்க" என்றாள். பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

சான்றிதழில் முத்திரை வைத்துக் கொடுத்தேன். "பெரிய உபகாரம் அண்ணே, வாறேன்" என்று அவள் எழுந்து போனாள். பூதப்பாண்டிப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடற்கரைப் பெண்ணின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை.