பித்தளைக் குச்சியில் இரும்பு

பட்டாசு மருந்து இடிக்கும் குச்சியைப் பித்தளையில்தான் செய்வார்கள். இரும்பு உரசினால் பொறி பறக்கும். பித்தளை அந்த வம்புக்குப் போகாது. அந்தக் குச்சிகளைக் கடைந்து கொடுப்பதுதான் சிவகாசியில் எங்கள் லேத் பட்டறையின் பிழைப்பு. முனையில் நிற்கும் பிசிறை நான் அரத்தால்தான் எடுப்பேன். பித்தளைக்கென்று வைத்திருக்கும் அரத்தை யாராவது இரும்பில் வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்; இரும்புப் பொடி குச்சியில் ஏறிவிட்டால் பித்தளையில் செய்தும் பயனில்லை.

பட்டறையில் கூட்டாளி என் மனைவியின் தம்பி. அவனுக்கு அரம் என்றாலே எரிச்சல். சீசனில் கையை ஆட்டிக்கொண்டிருந்தால் ஆர்டர் எப்படி முடியும் என்பான். கரண்டில் ஓடும் கிரைண்டர் ஒன்றை வாங்கினான். அதில் தப்பில்லை. பித்தளைக்குத் தனிக் கல் மாட்டியிருந்தால் நானே பாராட்டியிருப்பேன்.

நான் விருதுநகரில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்த அன்று, இரும்பு தேய்த்த அதே கல்லில் ஆர்டர் குச்சி அத்தனையையும் தேய்த்து அனுப்பிவிட்டான். திரும்பி வந்தவன், கழித்துப் போட்டிருந்த குச்சி ஒன்றின் முனையைத் துணியால் துடைத்தேன். துணியில் காந்தத்தைக் காட்டியதும் இரும்புப் பொடி எழுந்து ஒட்டியது.

"ஏலே, இதெல்லாம் எங்க போச்சு?"

"எம். புதுப்பட்டிக்கு, அத்தான். அக்கா வேலை பாக்குற கம்பெனிக்குத்தான்."

என் மனைவி அங்கே புஸ்வாணத்துக்கு மருந்து இடித்துக்கொண்டிருந்தாள். கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வாங்கிவிடும் கம்பெனி; போனையும்தான். பைக்கை எடுத்தேன். புகை தெரிகிறதா என்று வழியெல்லாம் வானத்தையே பார்த்தேன். அப்படிப் பயந்து நான் வண்டி ஓட்டியதே இல்லை.

குச்சியில் இரும்பு ஏறியிருக்கிறது, வேலையை நிறுத்துங்கள் என்று வாசலிலேயே சொன்னேன். கம்பெனி போர்மேன் அசைந்துகொடுக்கவில்லை. "இன்னிக்கு லோடு ஏத்தணும் அண்ணாச்சி. துளிப் பொடிக்கு அம்புட்டுப் பேரையும் நிறுத்தச் சொல்றீகளா? வேணும்னா ஒங்க வீட்டம்மாவ மட்டும் கூட்டிக்கிட்டுப் போங்க."

அந்த நொடியில் எனக்கு அதுவே போதும் என்றுதான் தோன்றியது.

முழங்கை வரை மருந்தோடு வெளியே வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வந்துட்டேன். என் குச்சிய இந்நேரம் பக்கத்து அக்கா எடுத்திருப்பாக" என்றாள்.

போர்மேன் தடுப்பதற்குள் திரும்பி ஓடி, அறை அறையாகக் கத்தினாள். "குச்சிய வச்சிட்டு வெளிய வாங்க! மெதுவா வைங்க!" எல்லாப் பெண்களும் வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். எங்கள் பட்டறைக்கு ஆர்டரும் நின்றது. மச்சினன் என்னோடு பேசுவதில்லை.

இப்போது ஆனைக்குட்டம் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போகிறாள். போகாமல் தீராது. முதல் நாள் திரும்பியதும், அங்கே குச்சி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாம் புதுசு. முனைய மெசின்லதான் தேச்சிருக்காக" என்றாள். கையைக் கழுவிக்கொண்டே, "எந்தக் கல்லுல தேச்சாகன்னு நான் யார்ட்டப் போய்க் கேக்க?" என்றாள்.

காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.