வாள்காரனுக்கு வேலை இல்ல

கதை ஆட்டம் நடத்துறவனுக்குப் பூதத்தைக் கண்டு பயமில்ல, டிராகனைக் கண்டும் பயமில்ல. ஒரே மேசையில ஒரு வாள்காரனும் ஒரு மந்திரவாதியும் வந்து உட்கார்ந்தாத்தான் பயம். இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் இதைச் சொல்லவே தேவையில்ல. மத்தவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்லிடுறேன். மேசையைச் சுத்தி உட்காருவோம், ஆளுக்கொரு வேஷம். காட்டுல என்ன வருது, கோட்டைக்குள்ள யார் இருக்கான்னு நான் சொல்வேன். அதுக்கு என்ன செய்யப்போறோம்னு அவங்க சொல்வாங்க. பலிக்குமா பலிக்காதான்னு பகடை சொல்லும். மாத்தளை டவுன்ல ஒரு கறுவாக் கடைக்கு மேல்மாடியில, ஞாயித்துக்கிழமையானா நான் நடத்துறது இதைத்தான். வாரநாள்ல அதே அறையில கம்ப்யூட்டர் கிளாஸ்.

என் மேசையில மந்திரவாதி ரிஸ்வான். ஹார்ட்வேர் கடை முதலாளியோட மகன், தங்கமான பையன், ஆனா ஆட்டத்தோட விதிப் புத்தகம் முழுக்க மனப்பாடம். சுபாவுக்கு பார்மசியில வேலை. ஆட்டத்தில அவ பூசாரி. காயத்தை ஆத்துவா, கோவம் வந்தா மின்னலும் இறக்குவா. வாள்காரன் கருணா, என்னோட ஒண்ணாப் படிச்சவன். லக்கலப் பக்கம் ஊருக்குள்ள யானை வராமப் போட்டிருக்கிற கரண்ட் வேலியைப் பார்க்கிற வேலை அவனுக்கு. பல்லேகமயில ஒரு அறை எடுத்துத் தனியா இருக்கான். அங்க உள்ளவங்க நல்ல ஆளுங்கதான், ஆனா வேலையைத் தவிர அவங்களோட கதைக்க இவனுக்கு ஒண்ணுமில்ல. கிடைக்கிற பஸ்ஸைப் பிடிச்சு எங்க மேசைக்கு வந்தாத்தான் மனுஷன் வாய்விட்டுச் சிரிப்பான். அந்த ஒரு நாளாவது அவனுக்கு நல்லா அமையணும். நான் பட்ட பாடெல்லாம் அதுக்காகத்தான்.

இரும்புக் கதவு

கோட்டை வாசல்ல ஒரு இரும்புக் கதவு வச்சேன். கருணாவுக்குன்னே வச்சது. அவனும் உஷாராகி, கீல் எந்தப் பக்கம், தாழ்ப்பாள் மேலயா கீழயா, நெம்புறதுக்குக் கட்டை ஏதும் கிடக்கான்னு ஒவ்வொண்ணா விசாரிச்சான். எனக்கு ஒரே சந்தோஷம். கிணத்தடியில கிடந்த ஒரு உத்தரத்தை அவனுக்காக அந்த நேரமே கதைக்குள்ள இழுத்துப் போட்டேன். அவன் அதைத் தூக்கிக் கதவுக்குக் கீழ சொருகி, பகடையைக் கையில எடுத்துக் குலுக்கத் தொடங்கினான்.

ரிஸ்வான் மீன் ரோல்ஸை மென்னுக்கிட்டே கையைத் தூக்கி, “திறப்பு மந்திரம்”னான். புத்தகத்தைப் புரட்டினேன். அதுக்குப் பகடையே வேணாமாம், சொன்னாப் போதுமாம். கதவு திறந்திடுச்சு. கருணா பகடையை மெதுவா மேசையில வச்சான். “அப்ப நான் ரிவர்ஸ்டன் மலை தாண்டி வந்தது, இவன் திறந்துவிடுற வாசலால உள்ள போகவா மச்சான்?”

முறை

சண்டைன்னா ஆளுக்கொரு முறை வரும். ரிஸ்வானோட முறை வந்தா உலகமே அப்பிடியே நிக்கணும். நெருப்பு உருண்டை போடவா, பனிச்சுவர் எழுப்பவா, பறக்கவா, மறையவா? புத்தகத்தைப் பார்ப்பான், போனைப் பார்ப்பான், நெருப்பு பட்டா கூரையும் எரியுமான்னு என்னோட சட்டம் பேசுவான். அதுக்குள்ள நாங்க பிளேன்டீ குடிச்சு முடிச்சிருப்போம். சுபா கீழ இறங்கிப்போய் பழம் வாங்கிட்டே வந்துடுவா.

பிறகு கருணாவோட முறை. “வெட்டுறேன்.” பகடை உருளும். படல்லன்னா அவ்வளவுதான், அடுத்தவன். இந்தப் புத்தகத்தை எழுதின மகராசன் வாள்காரனுக்கு ரெண்டு மூணு பக்கம் ஒதுக்கிட்டு, மிச்சத்தையெல்லாம் மந்திரத்துக்கு எழுதித் தள்ளியிருக்கான். அந்தாள் என் கையில கிடைச்சா நல்லா நாலு வார்த்தை கேப்பேன். அன்னைக்குக் கருணா கதிரையில சாய்ஞ்சு கண்ணை மூடியிருந்தான். நான் தட்டி எழுப்பப் போனேன். சுபா சொன்னா: “விடுங்கண்ணே, பாவம், பஸ்ல நின்னுக்கிட்டே வந்த மனுஷன். அவர் முறை வந்தா பகடையை நான் போட்டுவிடுறேன்.”

மந்திரத்தைக் குறைச்ச கதை

உங்கள்லயும் ஆராவது இதைச் செஞ்சு பார்த்திருப்பீங்க. நானும் செஞ்சேன். திறப்பு மந்திரத்துக்கு இனிமே பகடை வேணும், பறக்கிறது ஒரு நாளைக்கு ஒருக்காத்தான்னு சொன்னேன். ரிஸ்வான் சண்டை பிடிக்கல்ல. முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு, எல்லாத்துக்கும் “உங்க இஷ்டம் அண்ணே”ன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். கடைசியில கருணாவுக்கே பொறுக்கல்ல. “அவனுக்கு அதைக் குடுத்திடு மச்சான். அவன்கிட்ட இருக்கிறதைப் பிடுங்கினா என்கிட்ட என்ன கூடிடப் போகுது?”

பரிசு

சரி, பிடுங்க வேணாம், குடுப்போம்னு யோசிச்சேன். ஒரு கிழமை மண்டையை உடைச்சுக்கிட்டு ஒரு வாள் செஞ்சேன். இருட்டுல நீலமா எரியும், கல்லையும் வெட்டும், கருணா கையில மட்டும்தான் நிக்கும். கதையில ஒரு பழைய ராசாவோட கல்லறையிலருந்து அவன் அதை எடுத்தப்போ, நிசமாவே கையை நீட்டி வாங்கிற மாதிரி செஞ்சான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு.

எங்க, ஒரு நிமிஷம்தான். வாளோட சக்தி என்னன்னு ஆருக்கும் தெரியாதே. அதைத் தெரிஞ்சுக்கவும் ஒரு மந்திரம் இருக்கு. ரிஸ்வான் கருணா கையிலருந்த வாளைத் தொட்டு, ஓதி, அதில என்னென்ன இருக்குன்னு கருணாவுக்குப் பாடம் எடுத்தான். முடிச்சிட்டு, கெட்ட எண்ணம் ஒண்ணுமில்லாமச் சிரிச்சுக்கிட்டே சொன்னான்: “மந்திர வாள்தானே அண்ணே, அப்ப இதுவும் எங்க டிபார்ட்மெண்ட்தானே.”

தூங்க விடாத நாள்

மந்திரவாதிக்கு ஒரே ஒரு பலவீனம். மந்திரம் தீர்ந்தா தூங்கி எழும்பித்தான் ஆகணும். வாளுக்குத் தூக்கம் தேவையில்ல. ஆனா என் மேசையில ஒரு சண்டை முடிஞ்சதும் ரிஸ்வான், “வாங்க தூங்குவோம்”னு பாய் விரிச்சிடுவான். ஒரு நாள் நான் ஒரு படையையே பின்னால விரட்டவிட்டேன். நிக்க நேரமில்ல, தூங்க இடமில்ல. ரிஸ்வானோட மந்திரமெல்லாம் தீர்ந்துபோச்சு, சுபாவோடதும் போச்சு. ஒரு கயித்துப் பாலத்தில கருணா தனியா நின்னு மறிச்சான். பகடையும் அவன் பக்கம்தான் விழுந்துச்சு. எழும்பி நின்னு ஆடினான், கத்தினான், கீழக் கடையிலருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்திட்டுப் போச்சு.

அப்பிடி ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல. கருணா பஸ்ஸுக்கு ஓடினதும், ரிஸ்வான் புத்தகங்களை பேக்ல அடுக்கிக்கிட்டே சொன்னான்: “கோவிச்சுக்காதீங்க அண்ணே, இன்னைக்கு ஆட்டமே நடக்கல்ல.” அடுத்த கிழமை, எங்க வேணும்னாலும் பத்திரமாத் தூங்க ஒரு மந்திரக் கூடாரத்தோட வந்தான். புத்தகத்தில அதுவும் இருக்கு.

யானை

கடைசியா, புத்தகத்தைத் தூக்கி வச்சிட்டு ஊர்ச் சங்கதியைக் கையில எடுத்தேன். ஒரு கிராமம், காட்டை வெட்டிப் பயிர் போட்ட சேனைக்குள்ள ஒரு கொம்பன் யானை. கருணா நிமிர்ந்தான். காத்து எந்தப் பக்கம்னு கேட்டான். அது வந்த வழியை மறிக்கக்கூடாது, திரும்பிப் போக இடம் விட்டு, மத்தப் பக்கம் நின்னு வெடி போடணும்னு சுபாவுக்கும் ரிஸ்வானுக்கும் வேலை பிரிச்சுக் குடுத்தான். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இந்தத் தடவை தப்பாதுன்னு நான் நம்பினேன்.

கருணா சேனைக்குள்ள கால் வைக்கல்ல, ரிஸ்வானோட முறை வந்திடுச்சு. “அதைக் கோழியாக்கிட்டேன்.” பகடையும் அவனுக்கே விழுந்துச்சு. யானை கோழியாகி கொக்கொக்குன்னு ஓடுது. சுபா சிரிச்ச சிரிப்பில டீ மேசையெல்லாம் கொட்டிச்சு. நான் மட்டும் கருணாவைத்தான் பார்த்தேன். போன மாசம்தான் கருணாவோட வேலை செஞ்ச ஒருத்தரை யானை அடிச்சிருந்துச்சு, அவரைத் தூக்கி வந்தவங்கள்ல இவனும் ஒருத்தன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். கருணாவும் எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சான். சிரிச்சு முடிச்சிட்டு ரிஸ்வானைப் பார்த்துக் கேட்டான்: “அந்த மந்திரத்தை ஒரு துண்டுல எழுதிக் குடு தம்பி, திங்கக்கிழமை எனக்குத் தேவைப்படும்.”

கதிரை

அதுக்குப் பிறகு அவன் வரல்ல. ஒரு ஞாயிறு மழைன்னான், அடுத்த ஞாயிறு பஸ் இல்லன்னான். நான் விடல்ல, பகல் சாப்பாட்டு நேரமாப் பார்த்துப் போன் பண்ணி, உண்மையைச் சொல்லுடான்னேன். அப்பதான் சொன்னான்: “இங்க வேலி அறுந்தா என்னைத் தேடி வாறாங்க மச்சான். அங்க நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்.” உன் கதிரை அங்கயேதான் கிடக்கும்னு சொல்லி வச்சேன்.

அந்த ஞாயிறு பாதாளத்தில ஒரு பூதம் வந்துச்சு, சாதாரணப் பூதம்தான். முன்னால நிக்க ஆள் இல்ல. ரிஸ்வான் புத்தகத்தைப் புரட்டி முடிக்கிறதுக்குள்ள முதல் அடியிலயே அவனோட மந்திரவாதி செத்துப்போனான், ரெண்டாவது அடியில சுபாவோட பூசாரியும் போனா. ரெண்டு பேரும் கருணாவோட கதிரையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இப்பவாவது புரிஞ்சிச்சேன்னு நினைச்சேன். ரிஸ்வான் பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னான்: “கருணா அண்ணன் வராட்டி பரவாயில்ல அண்ணே, முன்னால நின்னு அடி வாங்க வேற ஆராவது ஒரு ஆளைப் பிடிங்களேன்.”

தேடிப் பார்த்தேன், வாறவன் எல்லாம் மந்திரவாதி வேஷம்தான் கேக்கிறான், நானும் அதையே குடுத்திடுறேன். ஆக இத்தனை வருஷம் முட்டிமோதி நான் என் மேசையைக் கச்சிதமாச் சமன்படுத்தி முடிச்சிட்டேன், இப்ப அதில ஒருத்தனும் ஒருத்தனுக்குக் குறைஞ்சவன் இல்ல.