"அட்டை வரட்டும்" என்றார் அக்கா

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்தார். அவரது நினைவு மலரில் இக்கட்டுரையை எழுதத் தகுதியான ஒருவரைத் தேடினோம். கிடைக்காததால் நான் எழுதுகிறேன்.

அம்மா காலமான பின் தையல் தைத்து என்னைப் படிப்பித்தவர் அவர். படிப்பு ஏறாதது தையலின் குற்றமல்ல. என்னைப் பார்க்கப் பார்வையாளர் விசாவில் கனடாவின் மொன்றியலுக்கு வந்த இடத்தில் அத்தானைத் திருமணம் செய்தார். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓரறை வீடு. அத்தானுக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அக்காவின் வதிவிட விண்ணப்பம் முடிவின்றிக் கிடந்ததால் அரசு தரும் இலவச மருத்துவ அட்டை இல்லை. வயிற்றில் பிள்ளை இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க நான்தான் கூடப் போனேன். என் பிரெஞ்சு பஸ் டிரைவரோடு முடிந்துவிடும். ஆனாலும் பிரசவத்துக்குக் கேட்ட முன்பணம் நன்றாக விளங்கியது. அது அத்தானின் பல மாதச் சம்பளம்.

"அட்டை வரட்டும், பேந்து பாப்பம்" என்றார் அக்கா. "ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை. அத்தானுக்கு மரியாதை இல்லை."

ஓட்டைவாயன் என்று பெயரெடுத்த நான் அதை மட்டும் காப்பாற்றினேன். கோயிலில் ஒரு மாமி, "அக்காவை எங்கை காட்டுறியள், தம்பி?" என்று கேட்டார்.

"டொக்டர்மார் வரிசையில நிக்கினம், மாமி. அக்காதான் நேரம் குடுக்கேல்லை."

மாமி சிரித்துவிட்டுப் போனார். நன்றாகச் சமாளித்தாய் என்பதுபோல அக்கா என் முதுகில் தட்டினார்.

எட்டாம் மாதம் கால்கள் வீங்கின. தலையிடி விடவில்லை, பனடோல் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை வலிப்பு வந்தது. அம்புலன்ஸில் வந்தவர்கள் அட்டை கேட்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றினார்கள். அன்று மாலையே அக்கா காலமானார். இரத்த அழுத்தத்தை முன்பே அளந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

செத்தவீட்டில் அதே மாமி என் கையைப் பிடித்தார்.

"என்ர மருமகளும் அட்டை இல்லாமல்தான் பிள்ளை பெத்தவள். காசு வாங்காமல் பாக்கிற இடம் ரெண்டு பஸ் ஸ்டொப் தள்ளி இருக்கு. நான் கேட்டனான் எல்லே, தம்பி?"

"கேட்டனீங்கள், மாமி."

அந்த மாமிதான் இன்றுவரை பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார். அவருக்கும், சமைத்து அனுப்பிய வீடுகளுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. உங்கள் வீட்டில் அட்டை இல்லாத பிள்ளைத்தாச்சி இருந்தால் மறைக்காதீர்கள். யாரிடமாவது சொல்லுங்கள்.

இம்மலர் உங்கள் கையில் கிடைக்கும் நாள் அக்காவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அன்றே பிறந்த அக்காவின் மகளுக்குத் துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாளும் அதுவே. எதை முதலில் செய்வது என்று ஐயர் கேட்டார். அத்தான்தான் சொன்னார்:

"பிள்ளையின்ரயைச் செய்யுங்கோ, ஐயா. அவ காத்திருப்பா."