பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஞாயிறுகள்

முதலில் சோறுதான் நின்றது. நெஞ்சுக்கு நடுவில், இறங்கவும் இல்லை, மேலே வரவும் இல்லை. தண்ணீர் குடித்தேன், அதுவும் சோற்றின்மேல் நின்றது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கொச்சி, மங்களூர், வெராவல் என்று விசைப்படகுகளில் அலைந்தவன் நான். கெட்ட சாப்பாடெல்லாம் பார்த்த வயிறு, தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதத்தில் உடம்பு பாதியானது. குனிந்தால்கூடச் சாப்பிட்டது செரிக்காமல் வாய்க்கு வந்தது.

அப்போதுதான் கோயிலில் நற்கருணை வாங்குவதை நிறுத்தினேன். பூசையில் தரும் அந்த அப்பத்தை ஆண்டவரின் உடலாகவே ஏற்கிறவர்கள் நாங்கள். அது திரும்பி வந்து தரையில் விழுந்துவிட்டால்? அந்தப் பயத்தில், எல்லாரும் வரிசையில் போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தங்கச்சிமடத்தில் அப்படி உட்கார்ந்திருப்பவன் ஏதோ பாவத்தை மறைக்கிறான் என்று பேசுவார்கள். பல வருடம் அப்படிப் பேசியவனே நான்தான். யார் எழுந்திருக்கவில்லை என்று பார்த்து வைத்து, பூசை முடிந்ததும் டீக்கடையில் சொல்வேன். பக்கத்துத் தெரு ஆக்னஸ் அக்கா சில மாதங்கள் நற்கருணை வாங்காமல் இருந்தபோது, "அங்கன என்னமோ நடக்குது" என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. அதன் பிறகு அன்பியக் கூட்டத்தை (தெருக்காரர்கள் முறைவைத்து வீடு வீடாக நடத்தும் செபக் கூட்டம்) அவர் வீட்டில் வைப்பதை நிறுத்தினார்கள்.

இப்போது என் முதுகில் கண்கள். மனைவி ரீத்தா ஒருநாள் அழுதேவிட்டாள்.

"மங்களூர்ல ஒரு குடும்பம் வச்சிருக்கீகளாம். நான் வேலை பாக்குற மீன் கம்பெனியில பேசிக்கிறாளுக."

"ஒரு வீட்டுச் சோறே எறங்க மாட்டேங்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) செய்து, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வாங்கப் போன நாள், புற்றாக இருக்குமோ என்ற பயத்தோடு வராந்தாவில் காத்திருந்தேன். அப்போதும் பக்கத்தில் இருந்தவரின் காவிப் பற்களைப் பார்த்து, 'இவர் புகையிலை போட்டார், வந்தது; எனக்கு ஏன்?' என்று மனம் தீர்ப்புச் சொன்னது. அவர் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். புற்றுக்குப் பயந்ததைவிட அந்த நிமிடம் என்னைக் கண்டு பயந்தேன்.

"புற்று இல்ல. இது அக்கலேசியா (உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை திறக்க மறுப்பது). பலூன் வச்சு விரிச்சு விடுவோம். திரும்ப இறுகலாம். இறுகுனா வாங்க" என்றார் டாக்டர்.

விரித்தார்கள். கஞ்சி இறங்கியது. ஊர் திரும்பியதும் ஆக்னஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களப் பத்தி மொதல்ல பேசுனது நான்தான். மன்னிச்சிருங்க."

"தெரியும்லே. ஊருக்கே தெரியும்."

"எனக்கு வியாதி வந்துதான் புரிஞ்சது. உங்களுக்கும் அப்ப உடம்புக்கு ஏதும்..."

அவர் நிமிர்ந்தார். "பாத்தியா, மன்னிப்புக் கேக்க வந்தவன் காரணமும் கேக்குற. வியாதின்னா நான் நல்லவ, இல்லாட்டி கெட்டவளா? சொல்ல மாட்டேன், போ."

வழியெல்லாம் அந்தக் காரணத்தையே மனம் துழாவியது. தெரியாமலே விட்டுவிடுவது எனக்குப் பலூனைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த அன்பியம் யார் வீட்டில் என்ற பேச்சு வந்தபோது, ஆக்னஸ் அக்கா வீட்டில் என்றேன்.

"ஏலே, அங்கன வேணாம்னு கெளப்புனதே நீதான? இப்ப என்ன, விசயம் தெரிஞ்சுபோச்சா?" என்றார் ஒருவர்.

"தெரியல. அன்னைக்கும் தெரியாமத்தான் சொன்னேன்."

பிறகு, வரும் புதன்கிழமை என்று முடிவானது. அக்கா சம்மதிப்பாரா என்று அதுவரை பயந்துகொண்டே இருந்தேன். அன்று போனபோது அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முழுதாகக் குணமாவதில்லை. ஒரு இட்லிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு வாயும் இறங்கிவிட்டதா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. பிறரைக் குறை சொல்லும் எண்ணமும் இன்னும் வருகிறது. விரட்டினால் போவதில்லை, பேசாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் போகிறது.

அந்தப் புதன்கிழமை செபம் முடிந்து சுண்டல் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக மென்றேன். எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்கள். நான் மட்டும் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா பாயைச் சுருட்டாமல், எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மெதுவாத் தின்னுலே" என்றார்.